பதின்மூன்று காலனிகள்

அ. அனுசுயா,
செயலாளர், வாசகர் கூடம்,
8, அண்ணா காலனி,
பெரம்பலூர்.
20.01.2026

அன்புள்ள தென்றல்,

வணக்கம். எங்கள் வாசகர் கூடம் நடத்திய மாணவர் கட்டுரைப் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய ‘எழுந்திருக்காத அம்மா’ கிடைத்தது. ‘அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் நாமும்’ என்று தலைப்புக் கொடுத்தபோது, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தில் யார் எழுதப் போகிறார்கள் என்று எங்களையே கேலி செய்தார்கள். இப்போது என் வீட்டுக் கட்டிலில் படுக்க இடமில்லை, அவ்வளவு கட்டுரை. போனைப் பார்த்து எழுதிவிடக் கூடாது, கையெழுத்தில் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று விதி போட்டவள் நான். அதற்குத் தண்டனையாக எல்லாருடைய கோழிக் கிறுக்கலையும் நானே படித்தேன். அப்படியும் பாதிப் பேர் ஒரே பத்தியைத்தான் பார்த்து எழுதியிருந்தார்கள்.

உங்களுடையதை நீங்கள் மட்டும்தான் எழுதியிருக்க முடியும். நடுவர்கள் மூன்று பேரும் அதற்குச் சிறப்புப் பரிசு என்று முடிவு செய்துவிட்டோம். பிப்ரவரி 22, ஞாயிறு காலை விழா. நீங்கள் கட்டுரையை மேடையில் வாசிக்க வேண்டும். விழா மலரிலும் அச்சாகும்.

இனி விஷயம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. முதல் பக்கத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இது:

“அமெரிக்கா முதலில் பதின்மூன்று காலனிகளாகத்தான் இருந்தது. ஊர்த் தெரு என்று ஒன்று அங்கே இல்லை. காலனிக்காரர்கள் ஒன்றுகூடி, ராஜாவுக்கு வரி கட்ட மாட்டோம் என்றார்கள். தங்களுக்குக் கொடுத்த டீயைக் கடலில் கொட்டினார்கள். எங்கள் அப்பாவும் ஒருமுறை கொட்டியிருக்கிறார். கடைக்காரர் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்தார்.”

தென்றல், பாடத்தில் வரும் காலனி நம் பக்கத்துக் காலனி இல்லை. அது குடியேற்றம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் போனவர்கள் அடுத்தவர் நிலத்தில் இறங்கி, அங்கே இருந்தவர்களை விரட்டிவிட்டுத் தமக்கென்று அமைத்துக்கொண்ட பகுதிகள். கடலில் போனது தேயிலைப் பெட்டிகள், அதுவும் வரித் தகராறில். வாஷிங்டன் காலனிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருளில் சரிதான், ஆனால் நீங்கள் நினைக்கிற பொருளில் இல்லை. அவர் பெரிய நிலக்காரர். அடிமைகளை வைத்திருந்தவர்.

இதைப் படித்தபோது எங்கள் தலைமை நடுவர் இளையபெருமாள் சார் (ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்) வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். தப்பாக நினைக்காதீர்கள், கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா பஸ்ஸில் எழுந்திருக்க மறுக்கும் இடம் வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு போய்விட்டது. அந்த முதல் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்.

உங்கள் விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். யாரோ எடுத்து, “பிளாண்ட்ல இருக்கேன், ஒண்ணும் கேக்கல” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
அனுசுயா


அ. தென்றல்,
மேலக்காடு காலனி,
செந்துறை வட்டம்,
அரியலூர் மாவட்டம்.
24.01.2026

அன்புள்ள அனுசுயா அக்காவுக்கு,

மேடம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். கவரைத் திருப்பி அனுப்புநர் முகவரியைப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு அக்கா என்று போட்டேன். நீங்களும் காலனி. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி அழுகை நின்றுவிட்டது.

போனை எடுத்தது என் அண்ணன் ராஜேஷ். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. வீட்டுக்கு இருக்கிற ஒரே போன் அவனோடு போய்விடும்.

முதலில் நன்றி சொல்கிறேன். என் கட்டுரையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிது. ஸ்கூலில் என் நோட்டில் டிக் மட்டும்தான் இருக்கும். தப்பாக எழுதினாலும் டிக், சரியாக எழுதினாலும் டிக். நீங்கள் இது தப்பு என்று சொல்ல நேரம் எடுத்துக்கொண்டீர்கள்.

ஆனால் அக்கா, என் கட்டுரையை எடுத்துவிடுங்கள். பரிசு வேண்டாம். மேடையில் நான் வாசிக்க மாட்டேன்.

இது எப்படி வந்தது என்று உங்களுக்காவது சொல்ல வேண்டும். ஒன்பதாவதில் சார் இந்தப் பாடத்தை நடத்தினார். ‘பதின்மூன்று காலனிகள்’ என்று வாசித்ததும் கிளாஸே திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். சார் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மத்தியானம் சாப்பிடாமல் பாடத்தை நானே எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலனிக்காரர்கள் சேர்ந்து ராஜாவை எதிர்த்து, ஜெயித்து, ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார்கள் என்று போட்டிருந்தது. டீயைக் கொட்டினார்கள் என்றதும் ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எனக்குத்தான் தெரியுமே. ‘காலனி ஆதிக்கம்’ என்று அடுத்த பாடத்தில் வந்தது. காலனி மேல் ஊர்க்காரர்கள் செய்கிற ஆதிக்கம் என்று எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் அதைக் கேட்டதுமில்லை, நான் யாரிடமும் சொன்னதுமில்லை. பத்தாவதுக்கு மேல் கணக்குக்குப் போய்விட்டேன். இப்போது அரியலூரில் பி.எஸ்சி. முதல் வருஷம்.

சொன்னது ஒருவரிடம் மட்டும்தான், அப்பாவிடம். அப்பா பேர் அமாவாசை. கொத்து வேலை. அவருக்கு அன்றிலிருந்து வாஷிங்டன் என்றால் சொந்த அண்ணன் மாதிரி. எங்கள் தெருவில் யாராவது மனசு உடைந்து உட்கார்ந்திருந்தால் போய், “அமெரிக்காவயே நம்மாளுவதான் கட்டுனாங்க, ஒனக்கு என்னாடா” என்பார். இப்போது கட்டுரைக்குப் பரிசு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். விழாவுக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் போய் நான் என்ன சொல்வது?

உங்களைக் கூடப் பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன். சின்ன வயதில் நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா? உங்களையும் திரும்பிப் பார்த்தார்களா?

இப்படிக்கு,
தென்றல்


பெரம்பலூர்,
29.01.2026

அன்புள்ள தென்றல்,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்து, நாலு தரம் கிழித்துப் போட்டேன். நான் தமிழாசிரியை. மற்றவர்கள் வாக்கியத்தைத் திருத்தித்தான் பழக்கம். இது என் வாக்கியம், வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் அண்ணா காலனி வேறு காலனி, தென்றல். வீட்டு வசதிச் சங்கம் மனை போட்டு விற்ற இடம். பஸ்ஸில் “அண்ணா காலனி ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் “அங்க இப்ப மனை என்னா வெல போவுது” என்றுதான் கேட்பார். எங்களுக்குப் பூர்வீகம் கீழப்பழுவூர், ஊர்த் தெரு.

அக்கா என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரை இழக்க மனசே இல்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம், கேட்ட கேள்வியைக் கவனிக்காத மாதிரி விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் நீங்கள் எதை நம்பி அப்படிக் கூப்பிட்டீர்களோ அது என்னிடம் இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டு எத்தனை கடிதம் எழுதுவது.

இனி கட்டுரை. நீங்கள் மாற்றி எழுதமாட்டீர்கள் என்று தெரிந்ததும், இளையபெருமாள் சார் “இதுக்கு ஏம்மா இவ்ளோ யோசிக்கிறீங்க, காலனிங்கிற எடத்துல எல்லாம் குடியேற்றம்னு போட்டுடுங்க” என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து அப்படியே மாற்றினேன். வரலாறு சரியாகிவிட்டது. கட்டுரை செத்துவிட்டது. டீயைக் கொட்டிய உங்கள் அப்பாவுக்கு அதில் நிற்க இடமே இல்லை. நான் திருத்தியதை நானே கிழித்துப் போட்டேன்.

நீங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். “காலனியிலிருந்து வந்தவர்களே நாட்டை ஆண்டபோது, கறுப்பின மக்களை ஏன் பஸ்ஸில் பின்னால் போகச் சொன்னார்கள்? பட்டவர்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்று. அந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே சிலர் கேட்டிருக்கிறார்கள். விடுதலை விடுதலை என்று கத்துகிறவன் வீட்டில் அடிமை எதற்கு என்று. நீங்கள் தப்பான பஸ் ஏறிச் சரியான ஊரில் இறங்கியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையைப் படிக்கும் வரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. படித்தேன், பாடம் நடத்தினேன், தோன்றவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

எனக்குத் தோன்றுவது: பிழையை மறைக்காதீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதை, அந்த ஒன்பதாம் வகுப்பை, அப்படியே கட்டுரையில் வையுங்கள். பிறகு சரியானதையும் நீங்களே சொல்லுங்கள். முடியாது என்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். முடிவு உங்களுடையது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

அன்புடன்,
அனுசுயா


மேலக்காடு காலனி,
08.02.2026

மதிப்பிற்குரிய மேடம்,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

தாமதம் ஆகவில்லை, நான்தான் எழுதவில்லை. கோபம் உங்கள் மேலா, கவரைப் பார்த்து ஏமாந்த என் மேலா என்று தெரியவில்லை. ஒரே எழுத்து, ஒரே ஸ்பெல்லிங், உங்களுக்கு மனை விலை, எங்களுக்கு இது. கணக்கில் இப்படி வராது. கணக்கில் எக்ஸ் என்றால் கடைசி வரி வரைக்கும் அதே எக்ஸ்தான்.

அம்மாதான் விடாமல் கேட்டது. என்ன லெட்டர், ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க என்று. கடைசியில் படித்துக் காட்டினேன். அம்மா பேர் சம்பூர்ணம், நூறு நாள் வேலைக்குப் போகிறது, அதிகம் பேசாது. கேட்டுவிட்டு, “பொய் சொல்லி ஒட்டிக்கல, நெசத்தச் சொல்லிட்டுத் தள்ளி நிக்கிது. அந்தப் பொண்ணுக்கு மொத பதிலு போடு” என்றது. அதனால் போடுகிறேன்.

வருகிறேன். முதல் பக்கத்தைப் புதிதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை அப்படியே இருக்கிறது. அதன் கீழே அது பிழை என்றும் இருக்கிறது. நீங்கள் எழுதிய விளக்கத்தை எடுத்துக்கொண்டேன், ஆனால் என் வாக்கியத்தில்.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘செந்துறை’ என்று போட்டிருக்கிறது. மேடையில் கூப்பிடும்போது மேலக்காடு காலனி என்று சொல்ல வேண்டும். போன வருஷம் அந்தச் சொல்லை அரசாங்கப் பதிவிலிருந்தெல்லாம் எடுக்கப் போகிறோம் என்று சட்டசபையில் சொன்னார்கள். அதற்கு எங்கள் தெருவில் பட்டாசே வெடித்தார்கள், எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் தெருப் பலகையில் அந்தச் சொல் மேல் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பஸ்ஸில் மட்டும் இன்னும் “காலனி எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். அது போகிற வரைக்கும் போகட்டும். ஆனால் இந்தக் கட்டுரையே அந்தச் சொல்லால் வந்தது. அதை மறைத்துவிட்டு எதை வாசிப்பேன்?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ தரம் வாயைத் திறந்தேன். வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது.

தாங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி, மேடம்.

இப்படிக்கு,
அ. தென்றல்


பெரம்பலூர்,
13.02.2026

அன்புள்ள தென்றல்,

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவருக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது.

புது முதல் பக்கம் வந்தது. சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. “கப்பலில் வந்தவர்கள் வேறு, கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் வேறு. இரண்டு பேரையும் ஒன்று என்று நினைத்ததுதான் என் பிழை” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், இளையபெருமாள் சார் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உங்கள் நிபந்தனையில்தான் அவருக்குத் தயக்கம். “வேணாம்னு அரசாங்கமே எடுத்த வார்த்தைய நாம மேடையில சொன்னா, அந்தப் புள்ளைய நாமளே அவமானப்படுத்துன மாரி ஆவாதா?” என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தால் ஒன்று, உங்கள் வாயிலிருந்து வந்தால் ஒன்று. கீழப்பழுவூர் ஊர்த் தெருக்காரி மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டாம். ஆகவே இப்படிச் செய்வோம்: நான் ‘தென்றல்’ என்று மட்டும் கூப்பிடுகிறேன். எந்த ஊர் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் கொஞ்சம் சத்தக்காரி, அது முடியும்.

அரியலூரிலிருந்து காலையில் பஸ்ஸுக்குக் குறையில்லை. புது பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள், நான் அங்கேயே நிற்கிறேன். மத்தியானம் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி. இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன், சொல்லிவிடுவது நல்லது என்று எழுதினேன்.

அப்பாவை அழைத்து வாருங்கள். அவர் வர வேண்டும்.

அன்புடன்,
அனுசுயா


மேலக்காடு காலனி,
24.02.2026

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று மறுபடியும் எழுதுகிறேன். இந்தத் தடவை கவரைப் பார்த்து எழுதவில்லை.

என்னைக் கூப்பிட்டுவிட்டு நீங்கள் மேடையை விட்டுக் கீழே இறங்கிப் போய், அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்துவிடுமோ என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, நன்றி என்றே சொல்லிவிடுகிறேன்.

மேலக்காடு காலனி என்று மைக்கில் நானே சொன்னேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். பதின்மூன்று காலனி வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன், அதனால் வலிக்கவில்லை. ஒன்பதாவதில் எல்லாரும் திரும்பிப் பார்த்த இடம் வந்ததும் அமைதியாகிவிட்டார்கள். ஆனால் நான் அவர்களைப் பார்க்கவே இல்லை அக்கா. ‘அது பிழை’ என்று வாசித்தபோது அப்பாவை மட்டும்தான் பார்த்தேன். அவர் கை தட்டவும் இல்லை, அசையவும் இல்லை. வேட்டியை முழங்கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் குனிந்து ஏதோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று அவரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், இருக்கட்டும்.

பந்தியில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இளையபெருமாள் சார் வந்து “ஒங்க பொண்ணு எனக்குப் பாடம் நடத்திடுச்சுங்க” என்று கை கொடுத்ததற்கும் சும்மா தலையை ஆட்டினார். அரியலூர் வரைக்கும் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே வந்தார். நான் சர்ட்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு, இதை வாங்கப் போய் அப்பாவிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செந்துறை பஸ் மாறி ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

“அப்ப வாஷிங்டனு நம்மாளு இல்லியா?”

“இல்லப்பா. அடிமை வெச்சிருந்தவரு.”

“எத்தினி வருசமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தாரா தெரியாது. கண்டக்டர் வந்ததும் அப்பா டிக்கெட் வாங்கினார், சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பஸ்ல எந்திரிக்க மாட்டேன்னுச்சே ஒரு பொம்பள, கடேசில வாசிச்சியே. அது பேரு என்னா?”

“ரோசா பார்க்ஸ்ப்பா.”

“அது?”

“அது நம்மாளுதான்ப்பா.”

கொஞ்ச தூரம் போனதும், அந்த அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு என்ன ஆயிற்று, யார் யார் கூட நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் எல்லாரும் பஸ் ஏறாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வேலைக்கு நடந்து போனார்கள் என்றேன். “நடந்தா? மழையிலயுமா?” என்றார். ஆமாம் என்றேன். எங்கள் நிறுத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். “காலனி எறங்கு” என்று குரல் வந்தது. இறங்கினோம்.

இன்று காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அப்பா அங்கே நாலைந்து பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“அந்தப் பதிமூணு காலனியும் நம்மளுது இல்லடா. எம்பொண்ணு படிச்சு சொல்லிடுச்சு. அது போனாப் போவுது வுடு. அந்த பஸ்ஸு நம்மளுது.”

உங்கள்,
தென்றல்